வர்ணம் கடைசியில், முதலில் தண்ணீர் வரும் வழியைத் தேடுங்கள்

வாசகர் கேள்வி: 34 அடி நீளமுள்ள ஃபைபர் பாய்மரப் படகு ஒன்றைச் சென்ற பருவத்தில் வாங்கியிருக்கிறார் இந்த வாசகர். 1980களின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. இப்போது கரையேற்றி ஸ்டாண்டுகளில் நிறுத்தியிருக்கிறார். பாய்மரம் இன்னும் இறக்கப்படவில்லை. மறுபடி தண்ணீரில் இறக்க ஐந்து மாதம் இருக்கிறது. வார இறுதிகளில் தம்பியுடன் சேர்ந்து வேலைகளைத் தாமே செய்துகொள்ள நினைக்கிறார். அவர் எழுதிய வரிசை இது: முதலில் ஹல்லின் (படகின் உடல்) பக்கங்களுக்கு வர்ணம், மரச் சட்டங்களுக்கு வார்னிஷ். அடுத்து, பாய்மரத்தைத் தாங்கும் வலப்புறப் பக்கக் கம்பிக்கு அருகே காலை வைத்தால் அமுங்கும் மேல்தளத்தில் சிறு துளைகள் போட்டு எபாக்ஸி செலுத்துவது. அதே பக்கம் படுக்கைக்கு மேல் மழைநீர் சொட்டுவதால், பக்கக் கம்பியை மாட்டும் உலோகத் தகடான செயின்பிளேட்டைச் சுற்றி சிலிகான் பூசுவது. ஐந்து சீகாக்குகளில் (ஹல்லைத் துளைத்துச் செல்லும் குழாய்களை மூடித் திறக்கும் வால்வுகள்) திரும்ப மறுக்கும் இரண்டை நீளக் குழாய் மாட்டிய ஸ்பானரால் திருப்பிப் பார்ப்பது. பாய்மரக் கம்பிகள் பளபளப்பாக இருப்பதால் அவற்றை இரண்டு வருடம் தள்ளிப்போடுவது. அடிப்பகுதியில் முப்பது, நாற்பது கொப்புளங்கள் உள்ளன. ஜெல்கோட் என்னும் வெளிப்பூச்சு முழுவதையும் உரித்தெடுக்காவிட்டால் படகு போய்விடும் என்று யாரோ சொன்னதில் கலங்கிப் போயிருக்கிறார். "இதையெல்லாம் நாங்களே செய்யலாமா? செய்தால் காப்பீடு செல்லுமா?" என்பது கேள்வி.

பதில் (படகு ஆய்வாளர்):

பெரும்பாலானவற்றை நீங்களே செய்யலாம். இரண்டு பேர், ஐந்து மாதம், நிதானமான கை என்றால் 34 அடி ஃபைபர் படகில் செய்ய முடியாத வேலை குறைவு. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வரிசையை அப்படியே தலைகீழாக்கச் சொல்வேன். உங்கள் பட்டியலில் கண்ணில் படுபவை முதலில் வருகின்றன. உடைந்தால் படகை மூழ்கடிப்பவையும் பாய்மரத்தைச் சாய்ப்பவையும் கடைசிக்குப் போயிருக்கின்றன, சில "பிறகு பார்க்கலாம்" என்று விடப்பட்டிருக்கின்றன. அதோடு, பல இடங்களில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடாமலே அதை மூடிவிடும் எண்ணமும் தெரிகிறது. பழைய ஃபைபர் படகைக் கெடுப்பதில் இதற்கு இணை வேறில்லை.

இன்னொன்றும் உண்டு. மேல்தளம் அமுங்குவது, படுக்கை மேல் சொட்டுவது, கம்பிகள் என்று மூன்றாகப் பிரித்து எழுதியிருக்கிறீர்கள். மூன்றும் வலப்புறச் செயின்பிளேட்டைச் சுற்றியே இருப்பதால், என் கணிப்பில் மூன்றும் ஒரே பழுதின் மூன்று முகங்கள். செயின்பிளேட் மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கும் இடத்தில், நீர் புகாமல் அடைக்கும் சீலன்ட் செத்திருக்கிறது. அதன் வழியே இறங்கிய நீரில் ஒரு பங்கு உள்ளே சொட்டுகிறது. மறு பங்கு மேல்தளத்தின் நடு அடுக்குக்குள் பரவி அதை அழுகவைக்கிறது. அதே நீர் செயின்பிளேட்டின் மறைவான பகுதியையும் நனைத்தே வைத்திருக்கிறது. பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் தகடு அதுதான். அதனால் இந்த வருட வேலை அங்கிருந்து தொடங்கட்டும்.

பளபளப்பு ஏன் சான்று ஆகாது

துருப்பிடிக்காத எஃகு துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம், அதன் மேல் காற்றிலுள்ள ஆக்சிஜனால் உருவாகி, சிராய்த்தாலும் தானே புதுப்பித்துக்கொள்ளும் மெல்லிய படலம். உப்புநீர் தேங்கி, காற்றுப் புகாத இடத்தில் அந்தப் படலம் புதுப்பிக்கப்படுவதில்லை. மேல்தளத்துக்குள் புதைந்து கிடக்கும் நாலைந்து சென்டிமீட்டர் செயின்பிளேட் அப்படிப்பட்ட இடம். மேலே கண்ணாடியாக மின்னும். கீழே கேபினுக்குள்ளும் சுத்தமாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே குழிகளும் குறுக்கு வெடிப்பும் ஓடியிருக்கும். இதை இடுக்கு அரிப்பு என்பார்கள். கழற்றிப் பார்ப்பதைத் தவிர இதைக் கண்டுபிடிக்க நம்பகமான வழியில்லை.

எனவே முதல் மாதமே பாய்மரத்தை இறக்கிவிடுங்கள். அது படகுத்துறைக் கிரேனின் வேலை. நீங்கள் செய்ய வேண்டாம். இறக்கிய பிறகு செயின்பிளேட்டுகள் அனைத்தையும் கழற்றலாம். ஒவ்வொன்றையும் கழற்றும் முன் படம் எடுத்து, எந்தப் பக்கம், எத்தனையாவது, எந்த முகம் வெளியே என்று தகட்டிலேயே மார்க்கரால் எழுதுங்கள். பழைய சீலன்டை ரேஸரால் சீவி, கரைப்பானால் துடைத்தபின் விளக்கை ஒருபக்கமாகச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பழுப்புப் புள்ளி, குழி, போல்ட் துளையிலிருந்து ஓரத்தை நோக்கிப் போகும் மயிரிழைக் கோடு, இவைதான் நீங்கள் தேடுவது. வெறும் கண்ணை நம்பாமல் சாயச் சோதனை செய்யுங்கள். மூன்று ஸ்ப்ரே டப்பாக்கள் கொண்ட தொகுப்பாகக் கிடைக்கும்: துடைப்பான், சிவப்புச் சாயம், வெள்ளை வெளிப்படுத்தி. சாயத்தை அடித்து, டப்பாவில் சொன்ன நேரம் ஊறவிட்டு, துடைப்பானில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். துடைப்பானை நேராகத் தகட்டின் மேல் அடித்தால் வெடிப்புக்குள் போன சாயமும் கழுவிப் போய்விடும். பிறகு வெள்ளையை மெல்லிதாக அடியுங்கள். வெடிப்பு இருந்தால் சிவப்புக் கோடாகக் கசியும்.

ஒன்றில் கோடு தெரிந்தாலும் எல்லாவற்றையும் மாற்றுங்கள். எல்லாம் ஒரே வயது, ஒரே உலோகம், ஒரே உப்புநீர். வெடித்ததை வெல்டிங் செய்து திருப்பிப் போடுவது வேண்டவே வேண்டாம். பழைய தகட்டை மாதிரியாகக் கொடுத்து, அதே தடிமன், அதே வளைவு கோணம், அதே துளை இடைவெளியில் 316 ரக எஃகில் ஒரு உலோகப் பட்டறையில் செய்துகொள்ளலாம். முகங்களை நன்றாகப் பாலிஷ் செய்யச் சொல்லுங்கள். கரடான முகத்தில்தான் அரிப்பு முதலில் பிடிக்கும். போல்ட்டுகளும் புதிதாகவே இருக்கட்டும்.

தகடு போல்ட் செய்யப்பட்டிருக்கும் குறுக்குத் தடுப்புப் பலகையையும் பாருங்கள். போல்ட் துளைகளைச் சுற்றிக் கறுத்திருக்கிறதா, ஸ்குரூடிரைவர் முனை எளிதில் இறங்குகிறதா? துளை ஓரத்தில் மட்டும் லேசாக நிறம் மாறி, மரம் கெட்டியாக இருந்தால் காயவைத்து எபாக்ஸி பூசி மூடலாம். உள்ளங்கை அளவுக்கு மேல் மெத்தென்று இருந்தால் நிறுத்திவிடுங்கள். அந்தப் பலகை ஹல்லோடு ஃபைபரால் பிணைக்கப்பட்டு, பாய்மரத்தின் முழு இழுவையையும் ஹல்லுக்குக் கடத்துகிறது. அதை வெட்டி மாற்றுவதற்கு முன் ஃபைபர் அடுக்கு வேலையில் அனுபவமுள்ள ஒரு லேமினேட்டரை நேரில் வரவழைத்துக் காட்டுங்கள்.

அமுங்கும் மேல்தளம்

உங்கள் திட்டத்தில் நான் முற்றிலும் தடுக்க விரும்புவது துளை போட்டு எபாக்ஸி செலுத்துவதைத்தான். மேல்தளம் மூன்று அடுக்கு: மேலே ஃபைபர் தோல், நடுவில் பெரும்பாலும் குறுக்குவெட்டு பால்சா மரம் அல்லது பிளைவுட், கீழே மெல்லிய ஃபைபர் தோல். இரண்டு தோல்களையும் விலக்கிப் பிடித்து ஒன்றாக வேலை செய்ய வைப்பதால்தான் நடு அடுக்கு வலுத் தருகிறது. ஈரத்தில் அது தோலிலிருந்து பிரிகிறது, பிறகு கூழாகிறது. ஈரமான மரத்துக்குள் எபாக்ஸி ஊறாது. நீர் பிடித்திருக்கும் இடத்தை அது தள்ளிவிட்டு நுழையவும் முடியாது. துளைக்குக் கீழே ஒரு கட்டியாக உறையும். துளைகளுக்கு நடுவே உள்ள ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு அழுகலைத் தொடரும். சில மாதம் கெட்டியானது போல் தெரியும், பிறகு முன்பைவிடப் பெரிய வட்டமாக அமுங்கும். மரம் அழுகாமல், தோல் மட்டும் விலகி, முழுக்கக் காய்ந்தும் இருக்கும் இடங்களில் இந்த முறை பயன்படும். சொட்டும் செயின்பிளேட்டின் பக்கத்தில் அந்த நிலை இருக்க வழியில்லை.

எல்லையைக் கண்டுபிடிப்பதே முதல் வேலை. பிளாஸ்டிக் தலை கொண்ட சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் "டக்" என்று கூர்மையாக ஒலிக்கும். கெட்ட இடம் மந்தமாக. சாக்பீஸால் எல்லை வரையுங்கள். ஈரமானி இருந்தால் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடியில் உலோகம் இருந்தாலோ மேற்பரப்பு நனைந்திருந்தாலோ அது பொய்யான அளவு காட்டும் என்பது நினைவிருக்கட்டும். பிறகு கோட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் 5 மி.மீ. துளைகள் போட்டு, துரப்பணத்தில் வரும் தூளைப் பாருங்கள். வெளிறிய உலர்ந்த தூள் வந்தால் மரம் நலம். கரும்பழுப்பாக, ஒட்டும் தன்மையோடு வந்தால் கெட்டது. துரப்பண முனையில் டேப் சுற்றி ஆழத்தைக் கட்டுப்படுத்துங்கள். கீழ்த் தோல் துளைபடக் கூடாது.

வெட்டும்போது சுழல் ரம்பத்தின் ஆழத்தை மேல் தோலின் தடிமனுக்கு மட்டும் வையுங்கள். 34 அடிப் படகில் அது சுமார் 3 முதல் 4 மி.மீ. இருக்கும், துளையில் அளந்து உறுதி செய்யுங்கள். தோலை ஒரே துண்டாக எடுத்துப் பத்திரப்படுத்தினால் திரும்ப ஒட்டலாம். அழுகிய மரத்தை உளியால் வழித்தெடுத்து, நல்ல மரம் வரும்வரை ஓரங்களுக்கு அடியிலும் தோண்டுங்கள். அதற்குப் பிறகு காயவிட வேண்டும். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். மேலே கூடாரம் போல் மூடி, காற்றோட்டம் விட்டு, முடிந்தால் ஈரம் உறிஞ்சும் கருவி வைத்து, சில வாரங்கள் விடுங்கள். நான் முதல் மாதத்தில் தொடங்கச் சொல்வது இதற்காகத்தான்.

புது நடு அடுக்கு பழையதன் அதே தடிமனில் இருக்க வேண்டும்: குறுக்குவெட்டு பால்சா அல்லது மூடிய துளை கொண்ட ஃபோம். பால்சாவானால் முதலில் தூள் எதுவும் சேர்க்காமல், பிசினும் ஹார்டனரும் மட்டும் கலந்த எபாக்ஸியை அதன் மேல் ஊறும்வரை பூசுங்கள். இல்லாவிட்டால் ஒட்டும் பசையிலிருந்து மரம் பிசினை உறிஞ்சி, இணைப்பு வறண்டு போகும். அந்தப் பூச்சு உறைவதற்கு முன்பே, சிலிகா தூள் கலந்து, குச்சியில் எடுத்துச் சாய்த்தால் வழியாமல் நிற்கும் பதத்துக்குக் கெட்டியாக்கிய எபாக்ஸியைப் பல் கரண்டியால் பரப்பி, துண்டுகளைப் பதியுங்கள். மேலே பிளாஸ்டிக் தாள், அதன்மேல் மணல் மூட்டைகள். மறுநாள் தோலைத் திரும்ப ஒட்டி, வெட்டுக் கோட்டின் இருபுறமும் 12க்கு 1 என்ற சரிவில் தேய்த்து இறக்குங்கள். 3 மி.மீ. தோலுக்கு ஒவ்வொரு பக்கமும் 36 மி.மீ. சரிவு. அந்தப் பள்ளத்தைச் சிறிய பட்டையில் தொடங்கிப் பெரிதாகப் போகும் ஃபைபர் துணி அடுக்குகளால் நிரப்ப வேண்டும். சரிவைச் சுருக்கினால் அந்தக் கோட்டிலேயே மறுபடி வெடிக்கும்.

செயின்பிளேட் இறங்கும் இடத்தைச் சுற்றி 4, 5 சென்டிமீட்டருக்கு பால்சாவே வைக்காதீர்கள். அங்கே கெட்டியாக்கிய எபாக்ஸியும் ஃபைபரும் மட்டும் நிரப்பிக் கட்டியாக்கி, பிறகு தகடு நுழையும் பிளவை வெட்டுங்கள். எதிர்காலத்தில் சீலன்ட் மறுபடி செத்தாலும் நீர் கேபினுக்குள் சொட்டுமே தவிர நடு அடுக்கைத் தொடாது. ஸ்டான்ஷன் (ஓரத் தடுப்பைத் தாங்கும் கம்பம்), கிளீட் (கயிறு கட்டும் கொம்பு) என்று மேல்தளத்தில் போல்ட் செய்த எல்லாவற்றுக்கும் இதே முறைதான்: துளையைப் பெரிதாக்கு, கெட்டியான எபாக்ஸியால் நிரப்பு, உறைந்தபின் சரியான அளவில் மறுபடி துளை போடு.

எபாக்ஸியில் தவறு நடக்கும் இடங்கள் சில உண்டு. பிசினும் ஹார்டனரும் தயாரிப்பாளர் சொன்ன விகிதத்திலேயே இருக்க வேண்டும். ஹார்டனரை அதிகம் ஊற்றினால் வேகமாக உறையாது, அரைகுறையாகவே நிற்கும். குளிரில் உறையாது, டின்னில் எழுதிய குறைந்தபட்ச வெப்பநிலை இரவிலும் இருக்க வேண்டும். ஆழமான கப்பில் நிறையக் கலந்து வைத்தால் தானே சூடேறிப் புகையும். அகலமான தட்டில் சிறிது சிறிதாகக் கலக்குங்கள். உறைந்த பரப்பில் சில வகைகளில் மெழுகு போன்ற படலம் படியும். அதைத் தண்ணீரும் தேய்ப்பு நாரும் கொண்டு கழுவிய பிறகே உப்புத்தாள் போட வேண்டும். முதலிலேயே தேய்த்தால் படலம் உள்ளே அழுந்தி அடுத்த பூச்சு ஒட்டாது. கையுறை இல்லாமல் தொடாதீர்கள். எபாக்ஸி ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும்.

சிலிகான் பற்றி

செயின்பிளேட்டில் சிலிகான் வேண்டாம். அசையும் தகட்டோடு அது நீண்ட நாள் ஒட்டி நிற்காது. கழற்றிய பிறகும் கண்ணுக்குத் தெரியாத எச்சம் விட்டுப்போகும். அதன்மேல் வேறு சீலன்டும் பிடிக்காது, வர்ணமும் பிடிக்காது. செயின்பிளேட்டுக்கு பாலிசல்ஃபைடு அல்லது பியூட்டைல் டேப் போதும். பிளவின் மேல் ஓரத்தைச் சற்றுச் சரிவாகச் சீவிவிட்டால், சீலன்ட் தகட்டைச் சுற்றி ஒரு வளையமாக உட்காரும். மூடித் தகட்டை இறுக்கும்போது முழுவதும் பிதுங்கி வெளியேறாது. மற்ற மேல்தளப் பொருட்களுக்கும் பியூட்டைல் நல்லது. பாலிகார்பனேட், அக்ரிலிக் ஜன்னல்களில் மட்டும் பாலிசல்ஃபைடு கூடாது. அந்தப் பிளாஸ்டிக்கை அது அரிக்கும். 3எம் 5200 போன்ற கடும் பாலியூரித்தேன் ஒட்டுப்பசையை இனி ஒருபோதும் கழற்றப் போவதில்லை என்று உறுதியான இடங்களில் மட்டும் பயன்படுத்துங்கள். அது விடும்போது ஜெல்கோட்டையும் பிய்த்துக்கொண்டு வரும்.

கம்பிகள்

கம்பிகளின் வயது உங்களுக்குத் தெரியாது என்பதே அவற்றை மாற்றுவதற்குப் போதிய காரணம். கடல்நீரில் ஓடும் படகுகளில் 10 முதல் 15 வருடத்துக்குள் மாற்ற வேண்டும் என்று காப்பீட்டு நிறுவனங்கள் பல எதிர்பார்க்கின்றன. முதலில் போவது கம்பியின் நடுப்பகுதி இல்லை, ஸ்வேஜ் எனப்படும் நெரித்துப் பொருத்திய முனை. குறிப்பாகக் கீழ் முனை, ஏனென்றால் மழைநீர் இழைகள் வழியே இறங்கி அதற்குள் தேங்குகிறது. பூதக்கண்ணாடியால் பாருங்கள். முனையின் நீளவாக்கில் வெடிப்பு, வாயில் துருக் கசிவு, ஒரே ஒரு இழை அறுந்து நீட்டிக்கொண்டிருப்பது, முனை லேசாக வளைந்திருப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் அந்தக் கம்பி வேண்டாம்.

நீங்களே செய்வதானால் ஸ்டா-லாக், நார்ஸ்மன் வகை இயந்திர முனைகள் பொருத்தம். நெரிக்கும் இயந்திரம் தேவையில்லை, திறந்து சோதிக்கவும் முடியும். பழைய கம்பியின் அதே விட்டத்தில் 1×19 கம்பி (19 தனி இழைகளை முறுக்கியது), 316 ரகம். அளவெடுக்கும்போது பழைய கம்பியை நேராக இழுத்து, ஊசித் துளையின் மையத்திலிருந்து மையம்வரை அளந்து, கம்பியை இறுக்கும் திருகான டர்ன்பக்கிள் எவ்வளவு திறந்திருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். புதியது பொருந்தியதும் டர்ன்பக்கிளில் இறுக்கவும் தளர்த்தவும் மரை மிச்சம் இருக்க வேண்டும். கம்பி முனையை மாட்டும் கிளெவிஸ் ஊசிகள் நழுவாமல் காக்கும் காட்டர் பின்களை முழுவதும் பின்னால் மடக்காமல் 20 டிகிரி அளவுக்கு விரித்தால் போதும்; அவசரத்தில் கழற்ற முடியும்.

சீகாக்குகள்

நீளக் குழாய் மாட்டித் திருப்புவது இப்போது கரையில் ஆபத்தில்லாததுபோல் தெரியும். உடைந்தால்கூட நல்லதுதான். உடையாமல் மயிரிழை வெடிப்போடு நின்றுவிட்டால்தான் பிரச்சினை. அது தண்ணீரில் இறங்கிய பிறகு தெரியவரும். நீர்மட்டத்துக்கு 2 அடி கீழே ஒன்றரை அங்குலத் துளை திறந்துகொண்டால் நிமிடத்துக்கு 100 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். சிறு படகுகளின் அடியில் சேரும் நீரை இறைக்கும் சாதாரண பில்ஜ் பம்ப் அதற்கு ஈடுகொடுக்காது.

முதலில் அது எந்த வகை என்று பாருங்கள். கூம்பு வடிவ அடைப்பான் கொண்ட பழைய வெண்கல சீகாக் என்றால் முழுவதும் கழற்றி, வால்வு அரைக்கும் பசையால் அடைப்பானையும் உறையையும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தி, நீரில் கரையாத கிரீஸ் பூசி மாட்டலாம். இன்னும் பல வருடம் உழைக்கும். சக்கரக் கைப்பிடி கொண்ட கேட் வால்வு என்றால் வெளியே எடுத்துவிடுங்கள். மூடியிருக்கிறதா, நடுவில் ஏதோ சிக்கி நிற்கிறதா என்று அதில் தெரியவே தெரியாது. இறுகிப்போன பால் வால்வுக்கும் மாற்றுவதே வழி.

உலோகத்தைக் கத்தியால் ஓர் இடத்தில் சுரண்டுங்கள். மஞ்சளாக மின்னினால் பரவாயில்லை. இளஞ்சிவப்பாக, பொடிப்பொடியாக வந்தால் அது பித்தளை. அதிலுள்ள துத்தநாகம் கடல்நீரில் கரைந்து, கடற்பஞ்சு போன்ற செம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. இதனால்தான் வீட்டுக் குழாய்க் கடையில் கிடைக்கும் பித்தளை வால்வை நீர்மட்டத்துக்குக் கீழே போடக் கூடாது. வெண்கலம், அல்லது கடல் உபயோகத்துக்கான கண்ணாடி இழை கலந்த நைலான் போடுங்கள்.

வாங்கும்போது மரையைக் கவனியுங்கள். ஹல்லைத் துளைத்து வரும் குழாயின் மரை பெரும்பாலும் நேர் மரை. சாதாரண பால் வால்வின் மரை கூம்பு மரை. இரண்டையும் பிணைத்தால் ஓரிரு சுற்று மட்டுமே பிடிக்கும். அகலமான அடித்தட்டோடு வரும், நேர் மரை கொண்ட சீகாக்கே சரியான பொருள். அமெரிக்கப் படகுக் கழகமான ஏபிஒய்சியின் தரம், பொருத்திய சீகாக்கின் உள்முனையில் 500 பவுண்டு, அதாவது 227 கிலோ விசையை 30 வினாடி தாங்க வேண்டும் என்கிறது. தடுமாறி விழும் ஒருவரோ, அலையில் இடம்பெயரும் பெட்டியோ மோதினாலும் நிற்க வேண்டும் என்பதற்காக. அடியில் பிளைவுட்டுக்குப் பதில் ஃபைபர் தகட்டைத் தாங்கு பலகையாக எபாக்ஸியால் ஒட்டுங்கள். ஹோஸ் முனையில் இடமிருக்கும் வரை இரண்டு கிளாம்ப். திருகும் சேர்த்து முழுக்க 316 எஃகாக இருக்கட்டும். ஒவ்வொரு சீகாக்கிலும் அளவுக்கேற்ற மென்மரக் குச்சி அடைப்பு ஒன்றைக் கயிற்றால் கட்டி வையுங்கள். ஐந்தில் இரண்டு இறுகியிருந்தால் மற்ற மூன்றும் அதே வயதுதான். ஐந்தையும் சேர்த்தே பாருங்கள்.

கொப்புளங்கள்

கலங்க வேண்டாம். முப்பது, நாற்பது கொப்புளங்களால் படகு போய்விடாது. நீர் ஜெல்கோட்டை மெதுவாக ஊடுருவி, பிசினில் முழுமையாக வினைபுரியாமல் மிஞ்சியவற்றோடு சேர்ந்து அமிலத் திரவமாகி உப்புகிறது. பெரும்பாலும் அது மேல் அடுக்கோடு நின்றுவிடும். கண்ணாடி அணிந்துகொண்டு குத்துங்கள். உள்ளே அழுத்தம் இருக்கும், திரவம் பீய்ச்சும், காடி நெடி வரும். கிண்ணம் போல் சரிவாகத் தேய்த்துத் திறந்து, நன்னீரால் பல நாள் மறுபடி மறுபடி கழுவி, வாரக்கணக்கில் காயவிட்டு, எபாக்ஸி ஃபில்லரால் அடையுங்கள். அதன்மேல் எபாக்ஸி தடுப்புப் பூச்சு, மொத்தம் 250 முதல் 300 மைக்ரான் வரும்வரை பல கோட்டு. முழு உரிப்பு என்பது அடிப்பகுதி முழுவதும் நெருக்கமாகக் கொப்புளித்து, திறந்து பார்த்தால் ஃபைபர் அடுக்குகளே பிரிந்திருக்கும் படகுகளுக்கு. நீங்கள் அனுப்பிய படங்களில் அது தெரியவில்லை. நேரம் போதாவிட்டால் இந்த வேலையை ஒரு வருடம் தள்ளலாம். பட்டியலில் தள்ளத்தக்கது இதுவும் வர்ணமும்தான்.

அடிப்பகுதியின் பழைய பாசிதடுப்பு வர்ணத்தை உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். செம்புத் தூள் நச்சு. உங்கள் படகின் வயதுக்கு அடி அடுக்குகளில் டிரைபியூட்டைல் டின் கலந்த வர்ணமும் இருக்கலாம். கப்பல்களில் அதைத் தடைசெய்த சர்வதேச ஒப்பந்தம் 2008இல்தான் நடைமுறைக்கு வந்தது, சிறு படகுகளுக்குப் பல நாடுகள் 1980களில் தடை போட்டன. ஈர உப்புத்தாள், அல்லது தூசி உறிஞ்சி இணைத்த கருவி, பொருத்தமான வடிகட்டி முகமூடி, கீழே விரிப்பு. சேரும் கழிவு நச்சுக் கழிவாகவே போக வேண்டும்.

தொழில்காரரிடம் விட வேண்டியவை

படகின் அடியில் தொங்கும் எடையான கீல் ஹல்லோடு சேரும் கோட்டின் முன்பக்கம் வெடிப்பு இருந்து, அதில் துருநீர் வடிந்தால், கீல் போல்ட்டுகளை நீங்களே தளர்த்திப் பார்க்காதீர்கள். பல டன் எடை அதில் தொங்குகிறது. சமையல் எரிவாயு இணைப்பும் அப்படித்தான். உரிமம் பெற்றவர் செய்து, சான்று தரட்டும். சுக்கானைத் தட்டிப் பாருங்கள். கரையேற்றி வாரங்கள் ஆன பிறகும் அடியிலிருந்து பழுப்புநீர் சொட்டினால், உள்ளே எஃகுச் சட்டத்தின் வெல்டிங் அரித்திருக்கக் கூடும். திறந்து பார்க்க ஆள் தேவை.

எஞ்சினில் நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. எண்ணெயை இப்போதே, எஞ்சின் சூடாக இருக்கும்போது மாற்றுங்கள். பருவம் முழுக்க ஓடிய எண்ணெயில் சேர்ந்த அமிலம் ஐந்து மாதம் பேரிங்குகளில் கிடக்கக் கூடாது. கடல்நீர் பம்பில் நீரைத் தள்ளும் இதழ்ச் சக்கரமான இம்பெல்லரைக் கழற்றுங்கள். இதழ் ஒன்று குறைந்தாலும் அந்தத் துண்டைக் கண்டுபிடிக்காமல் விடாதீர்கள். அது வெப்பப் பரிமாற்றியின் வாயில் அடைத்திருக்கும். உறைபனி விழும் இடமானால் கடல்நீர்ப் பாதையில் புரோப்பிலீன் கிளைக்கால் வகை உறைதடுப்பானை ஓடவிடுங்கள்.

காப்பீடும் படகுத்துறையும்

நீங்களே வேலை செய்வதால் மட்டும் காப்பீடு ரத்தாகிவிடும் என்ற பயம் பொதுவாகத் தேவையற்றது. ஆனால் பெரும்பாலான பத்திரங்கள் தேய்மானத்தால் வரும் இழப்பை விலக்கியே வைக்கின்றன. செத்த கம்பியால் பாய்மரம் விழுந்தால் நிறுவனம் முதலில் கேட்பது கம்பியின் வயதை. அதனால் நிறுவனத்துக்கு எழுத்தில் மூன்று கேள்விகள் அனுப்புங்கள்: கம்பி மாற்றத்துக்குத் தொழில்முறைச் சான்று தேவையா, கரையில் வேலை நடக்கும்போது தீ, விழுதல், மூன்றாம் தரப்புச் சேதம் ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு உண்டா, இறக்கும் முன் ஆய்வு அறிக்கை வேண்டுமா? பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து, பொருட்களின் ரசீதுகளோடு ஒரே கோப்பில் வையுங்கள். பின்னால் விற்கும்போதும் அந்தக் கோப்புக்கு மதிப்புண்டு.

படகுத்துறை ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். சில துறைகள் அடிப்பகுதியைத் தேய்ப்பதையோ ஸ்ப்ரே வர்ணத்தையோ வெளியாள் வேலையையோ அனுமதிப்பதில்லை. காற்றில் போன ஸ்ப்ரே பக்கத்துப் படகின் மேல் படிந்தால் செலவு உங்களுடையது. ஸ்டாண்டுகளை நீங்களாக நகர்த்தாதீர்கள்; தார்ப்பாயின் கயிறுகளை ஒருபோதும் ஸ்டாண்டில் கட்டாதீர்கள். காற்று தார்ப்பாயைத் தூக்கும்போது ஸ்டாண்டும் நழுவிப் படகு சாய்ந்துவிடும். ஏணியின் மேல்முனையைப் படகோடு கட்டுங்கள். தேக்கு எண்ணெய் நனைந்த துணிகளை உருட்டி மூலையில் போடாதீர்கள். அவை தானே தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்த பிறகே குப்பைக்குப் போக வேண்டும்.

மாதங்களைப் பிரித்துக்கொள்வதில், முதல் மாதம் முழுக்கத் திறப்பதும் பார்ப்பதும் காயவைப்பதும்தான். கம்பி, செயின்பிளேட், சீகாக்கு ஆகியவற்றுக்கான அளவுகளும் அப்போதே போய்விடட்டும். பட்டறை வேலைக்கு வாரங்கள் ஆகும். இரண்டு, மூன்றாம் மாதம் சீகாக்குகளுக்கும் மேல்தளத்துக்கும். நான்காவது மாதம் செயின்பிளேட், பாய்மரம், எஞ்சின். ஐந்தாவதில் நேரம் மிஞ்சினால் வார்னிஷ், வர்ணம். மிஞ்சாவிட்டால் மங்கிய வர்ணத்தோடு இறக்குங்கள். அதனால் யாருக்கும் ஆபத்தில்லை.

இறக்கும் நாளில் கிரேன் பட்டைகளை எடுக்கும் முன்பு படகு நீரில் மிதக்கும் நிலையிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே இறங்கி ஐந்து சீகாக்குகள், புரொப்பெல்லர் தண்டின் கிளாண்ட் (தண்டு ஹல்லைக் கடக்கும் இடத்து நீர்த்தடுப்பு), சுக்கான் குழாய் ஆகியவற்றைக் காகிதத் துண்டால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் பட்டால் உடனே தூக்கச் சொல்லலாம். பேக்கிங் கயிறு வைத்த கிளாண்ட் என்றால் தண்டு சுழலும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு விழுவது இயல்பு. அதையும் நிறுத்த இறுக்கினால் தண்டு சூடேறித் தேயும். முதல் இரவு இருவரில் ஒருவர் படகிலேயே இருங்கள். புதுக் கம்பிகள் முதல் சில பயணங்களில் சற்று நீளும். அதற்குப் பிறகு இழுவையைச் சரிசெய்து, காட்டர் பின்களை மறுபடி போட்டு டேப் சுற்றுங்கள். முதல் பெருமழை முடிந்ததும் செயின்பிளேட்டுகளுக்கு அடியில் உலர்ந்த காகிதத்தை வைத்துப் பாருங்கள். அது நனைந்தால் மூடித் தகட்டைக் கழற்றி, பியூட்டைலைப் புதிதாக வையுங்கள். அரை நாள் வேலைதான்.